சந்தை திறக்கும் நேரம்

அதைத் தொடாதீர்கள் தம்பி, பிளக் லூஸ். பையை இந்தப் பக்கம் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறது, ஆனால் தள்ளும்போது சுவரில் இடிக்கக் கூடாது. இடித்தால் பிளக் வெளியே வந்துவிடும். வந்தால் அதோ ஜன்னலில் இருக்கிற ரவுட்டர் அணைந்துவிடும். அணைந்தால் திரும்ப உயிர் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னவெல்லாம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உட்காருங்கள். இதுதான் காலிக் கட்டில். இந்த மங்காஃப் ஏரியாவில் இந்த வாடகைக்கு, ஓர் அறையில் மூன்றே பேர் என்று வேறு எங்கேயும் கிடைக்காது. நானும் ஜலால் பாயும்தான். பாய் காலையிலேயே கடையைத் திறக்கப் போய்விடுவார். நல்ல மனிதர், கீழக்கரைக்காரர். முன்பு சமைத்தால் எனக்கும் சேர்த்துத்தான் சமைப்பார். இப்போது கொஞ்ச நாளாக இல்லை. அது வேறு விஷயம். வேறு விஷயம் இல்லை, அதே விஷயம்தான்.

சூசைராஜைப் பற்றிப் பாய் உங்களிடம் ஏதாவது சொன்னாரா? உங்களுக்கு முன்னால் இந்தக் கட்டிலில் இருந்தவன். சொல்லியிருப்பார். சொல்லாமல் இருக்க மாட்டார். ஒரு பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் ஓர் அறைக்கு வரக் கூடாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். வளைகுடாவுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இதில் ஒருத்தன் எவ்வளவு மேலே போக முடியும்? அதனால்தான் பங்குச் சந்தைக்கு வந்தேன். ஆப்ஷன். கேள்விப்பட்டிருப்பீர்கள். சூதாட்டம் என்பார்கள் தெரியாதவர்கள். நான் படித்துவிட்டு வந்தவன். டெலிகிராமில் ஒரு குரூப், அதில் ஒரு மாஸ்டர், முறையாக வகுப்பு எடுத்தார். சந்தை திறந்த முதல் அரைமணி நேரம்தான் ஆட்டம் என்பார். உள்ளே போ, எடு, வெளியே வா. அவ்வளவுதான். ஊரில் ஒன்பதே காலுக்குத் திறக்கிறார்கள். இங்கே நமக்கு அது விடிந்து கொஞ்ச நேரம். முடித்துவிட்டு நான் ஆபீஸ் பஸ் ஏறிவிடலாம். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த நேரம்.

ஆனால் அதற்கு நெட் வேண்டும். சும்மா நெட் இல்லை. நிற்காத நெட். நீங்கள் படம் பார்க்கும்போது நின்றால் என்ன, திரும்ப ஓடும். இங்கே நின்றால் அந்த நிமிஷம் போனது போனதுதான்.

முதலில் சிம் கார்டில் ஓட்டினேன். அறைக்குள் ஒரு கோடு, வராந்தாவில் இரண்டு கோடு. வராந்தாவில் நின்றுகொண்டு ஒருத்தன் தொழில் செய்ய முடியுமா? பிறகு ஹாரிஸிடம் வாங்கினேன். ஹாரிஸ் என்றால் இந்தக் கட்டிடத்துக் காவல்காரன், புதிதாக வந்திருக்கிறீர்கள், தெரிந்துகொள்ளுங்கள். ஒரே இணைப்பை மொத்தக் கட்டிடத்துக்கும் பிரித்து விற்கிறான். வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, எனக்கு ஆற அமர உட்காருகிற நாள் அது ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து ஐந்து மாடியும் எழுந்து ஊருக்குப் போன் போடும். மலையாளி, தெலுங்கு, பெங்காலி, ஒருத்தன் பாக்கி இல்லை. என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்மாடியில் ஒருத்தன் பெண்டாட்டியிடம் என்ன குழம்பு என்று கேட்பதற்காக நான் நஷ்டப்பட்டேன் தம்பி.

அப்புறம்தான் இந்த ரவுட்டர். என் சிவில் ஐடி கார்டைக் கொடுத்து எடுத்தது. மூன்று பேரும் பணம் போட்டோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் என்னுடையது. பொறுப்பு என்னுடையது.

டவர் அந்த ஜன்னல் பக்கம் இருக்கிறது. அங்கே வைத்தால்தான் சிக்னல் முழுசாக எடுக்கும். அப்போது ஜன்னலோரக் கட்டில் சூசைராஜுடையது. நான் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவனே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இங்கே, குளியலறைக் கதவோரம் வந்துவிட்டான். பிளக் போட இங்கே மட்டும்தான் ஓட்டை காலி. அதனால்தான் வயர் இவ்வளவு நீளம். லூஸாக இருக்கிறது என்று அட்டைத்துண்டை மடித்து அடியில் கொடுத்து அமுக்கியதும் அவன்தான். அதெல்லாம் செய்வான். நான் அவனைக் கெட்டவன் என்று சொல்லவே இல்லை.

அவன் ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். காலையில் நான் லேப்டாப்பைத் திறக்கும் நேரத்துக்கு, தலையெல்லாம் மாவோடு, கையில் சூடான குப்பூஸ் ரொட்டிப் பொட்டலத்தோடு வருவான். வந்ததும் முகம் கழுவிவிட்டு ஊருக்குப் போன் போடுவான். சும்மா போன் இல்லை. வீடியோ. அவனுக்கு வேம்பார் பக்கம், கடற்கரை. ஒரே பெண் பிள்ளை, அமலி என்று பெயர். காது கேட்காது. பேச்சும் இல்லை. காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே போன். அவன் மனைவி அதை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவாள், பிள்ளை அதற்குள் தூங்கிவிடும். ஆக, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கால்மணி நேரம்தான். அந்தக் கால்மணி எது என்று நினைக்கிறீர்கள்? என் முதல் கால்மணி.

காதால் பேசுகிறவன் படம் இல்லாமல் பேசலாம். இவர்கள் கையால் பேசுகிறவர்கள். படம் கண்ணாடி மாதிரி வர வேண்டும். அந்தப் பிள்ளையின் விரல் ஓடும், இவன் விரல் ஓடும். சத்தமே இருக்காது. அதைச் சொல்ல வேண்டும், சத்தம் கிடையாது. ஆனால் நெட் மொத்தத்தையும் குடித்துவிடும். ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு நெட்டைத் தின்கிற இரண்டு பேரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளை எங்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தது. ஜலால் பாய்க்குத் தாடியைத் தடவுவது. எனக்கு என்ன தெரியுமா? உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வது. படத்தில் பின்னால் எப்போதும் நான் அப்படித்தான் தெரிவேனாம், முகத்துக்கு முன்னால் திரையோடு. பாய் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் சிரித்தேன். சின்னப் பிள்ளைதானே.

இருங்கள், உங்கள் போன் அடிக்கிறது. வீட்டிலிருந்தா? அப்புறம் பேசிக்கொள்ளலாம், இல்லையா? நல்லது.

எங்கே விட்டேன்? ஆமாம், அந்த நாள். எதை வாங்க வேண்டும் என்று மாஸ்டர் குரூப்பில் போட்டார், நான் உள்ளே போனேன். ஏறுகிறது. என் கண்ணுக்கு முன்னால் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கலாம் என்று பட்டனை அமுக்கும்போது வட்டம். சுற்றுகிறது. அந்தப் பக்கம் பார்த்தால் சூசைராஜ் பிள்ளைக்கு ஏதோ மீன் நீந்துகிற மாதிரி கையை வளைத்து வளைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். பிள்ளை சிரிக்கிறது. வட்டம் நின்றபோது எல்லாம் இறங்கி முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் என்று நான் காத்திருந்ததால்தான் என்று பாய் சொல்வார். சந்தையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அவர் வெங்காயம் விற்கிறவர்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சத்தம் போடவில்லை. நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம் என்றால் அவனுக்கு வேறு நேரம் கிடையாது, எனக்கும் கிடையாது. வாய்விட்டுச் சொன்னால் அறைக்குள் மனஸ்தாபம் வரும். அதனால் சொல்லாமல் செய்தேன். இந்த ரவுட்டருக்குப் போனில் ஓர் ஆப் உண்டு. அறையில் யார் யார் போன் ஓடுகிறது என்று வரிசையாகக் காட்டும். பெயருக்கு நேரே ஒரு கோடு. அதை இடது பக்கம் இழுத்தால் அவருக்குப் போகிற வேகம் குறையும். இழுத்தேன். முழுதாக நிறுத்தவில்லை, பாருங்கள். குறைத்தேன். அதுவும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். சந்தை இல்லாத சனி, ஞாயிறு நான் தொடுவதே இல்லை. இதைவிட நியாயமாக ஒருத்தன் எப்படி நடந்துகொள்வது?

அவன் படம் நின்று நின்று வர ஆரம்பித்தது. ஒரு தரம் அவன் கண் மூடியிருந்த நிமிஷத்தில் படம் அப்படியே நின்றுவிட்டதாம். அந்தப் பக்கம் பிள்ளை அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று போனைத் தட்டித் தட்டி அழுதிருக்கிறது. அன்றைக்கு வேனில் ஏறவில்லை. சூசைராஜ் என்னிடம் வந்து போனை நீட்டினான். நான்தானே இதெல்லாம் தெரிந்தவன்.

“அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே. என் கை பாதியிலேயே நிக்கியாம். பிள்ளைக்கு ஒண்ணும் வெளங்க மாட்டுக்கு.”

வாங்கிப் பார்த்தேன். உன் போனில் ஒன்றும் இல்லை, ஊரில் டவர் சரியாக இருக்காது என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. சனி, ஞாயிறு மட்டும் நன்றாக வருகிறதே என்றான். ஊரில் ஆபீசெல்லாம் லீவு, டவரில் கூட்டம் குறைவு என்றேன். நம்பிவிட்டான். எதைச் சொன்னாலும் நம்புவான், அதுதான் அவனிடம் உள்ள குறை. பழையதற்குப் பதிலாக மனைவிக்குப் புதுப் போன் வாங்கி அனுப்பினான். அதிலும் நின்றது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று, மனைவியையும் பிள்ளையையும் தினமும் மெயின் ரோடுவரை நடக்கச் சொன்னான். உப்பளத்தைத் தாண்டி, டவர் பக்கத்தில். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாதாம். புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை நிற்கிறதை நானும் அவன் போனில் பார்த்தேன். நின்று நின்றுதான் வந்தது. நான் நடக்கச் சொன்னேனா? நான் சொல்லவில்லை. டவர் என்றுதான் சொன்னேன்.

என் நெட் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை. நூல் பிடித்த மாதிரி ஓடியது. சந்தைதான் சரியில்லை. வரிசையாக அடி. மாஸ்டரே குரூப்பைக் கலைத்துவிட்டுப் போய்விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வல்லத்தில் ஒரு மனை வைத்திருந்தேன், அதுவும் அந்தச் சமயத்தில்தான் போனது. அது போகட்டும்.

இன்னொரு தலைவலி ஓடிபி. வெளிநாட்டில் இருக்கிறவன் பெயரில் இந்த மாதிரி வாங்கி விற்க ஆயிரம் சட்டம். அதனால் கணக்கு என் மனைவி அமிர்தவல்லி பெயரில். இங்கே பாதிப்பேர் அப்படித்தான். தினமும் காலையில் உள்ளே நுழைய ஆறு இலக்க எண் ஒன்று அவள் போனுக்கு வரும். அவள் அதை எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. மொட்டைமாடிக்குப் போக வேண்டும். போகிறவள் எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கலாம் இல்லையா? நேற்று ராத்திரி தலை சுற்றியது என்பாள், பையன் பேசவே மாட்டேன் என்கிறான் என்பாள். சந்தை திறக்கப் போகிறது, இவள் தலை சுற்றலில் நிற்கிறாள். எண்ணை மட்டும் சொல்லு என்பேன். சூசைராஜ் ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், அண்ணியிடம் ரெண்டு வார்த்தை பேசுங்களேன் அண்ணே என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அவள் போனில் ஏதோ ஆப் போட்டிருக்கிறாள், எண் வந்தால் தானாக எனக்கு வந்துவிடும். மாடியில் போனை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவாள் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் தாமதம் கிடையாது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, வேலையாக இருப்பாள். ஆனால் எண் மட்டும் டாண் என்று வந்துவிடும். படிக்காதவள் என்று நினைத்தேன், பரவாயில்லை.

சரி, கதையை முடிக்கிறேன். பெரிய வெள்ளி வந்தது. சூசைராஜ் கிறிஸ்தவன், அன்றைக்கு விரதம். ஃபேக்டரிக்கு லீவு கிடையாது, வேலை முடித்துத்தான் வந்தான். ஊரில் அவன் மனைவியும் பிள்ளையும் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த ரோட்டோரமே நின்றார்கள். படம் அன்றைக்குத் தண்ணீர் மாதிரி வந்தது. எனக்கும் வேலை இல்லை, டீ போட்டுக் குடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தது. நான்கூடக் கையை ஆட்டினேன். வேன் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஆனாலும் அவன் அவசரம் அவசரமாகப் பேசினான், படம் எப்போது நிற்குமோ என்ற பயத்தில். பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல மனசோடுதான் சொன்னேன் தம்பி. கெட்ட எண்ணம் இருந்தால் சொல்வேனா?

“மெதுவா பேசுப்பா, அவசரம் ஒண்ணுமில்ல. இன்னிக்கு மார்க்கெட் லீவு.”

அவன் கை நின்றது. படம் நிற்கவில்லை, பிள்ளை அந்தப் பக்கம் விரலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. இவன் கைதான் நின்றது. ஜன்னலைப் பார்த்தான். என் போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிள்ளை போனைத் தட்டியது. திரும்பி அதற்கு ஏதோ சைகை காட்டிவிட்டு வைத்துவிட்டான்.

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. ரவுட்டர் யார் பெயரில் இருக்கிறது, யார் எதற்காக எடுத்தது, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அவன், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்.

“சொல்லிருக்கலாம்லாண்ணே. பிள்ளய வெயில்ல நிறுத்திட்டேனே.”

நான் நிறுத்திவிட்டேன் என்கிறான், பாருங்கள். அவன் நிறுத்தினானாம். எப்படிக் குத்துகிறான் என்று பாருங்கள். பாய் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு வைக்கவில்லை.

திங்கட்கிழமை அவன் போன் போடவில்லை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். உங்களுக்கு முடிந்ததும் சொல்லுங்கள் அண்ணே, நான் அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். அப்புறம் யார் இருக்கிறார்கள் அங்கே? வேன் போயிருக்கும். தெரிந்தேதான் சொல்கிறான். தினமும் அப்படித்தான். நான் திரையைப் பார்ப்பேன், அவன் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கோட்டை நான் வலது பக்கம் முழுக்க இழுத்து விட்டுவிட்டேன், தெரியுமா? அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அவனாகவே போட்டுப் பார்த்தால் தெரியும்தானே. போட்டுப் பார்க்கவில்லை. அது என் தப்பா?

எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. பிளக்கைப் பாருங்கள். தலைமாட்டில். படுத்தபடியே கை எட்டும். நான் உள்ளே போயிருக்கிற நேரம் பார்த்து ஒரு விரலால் தட்டிவிட்டால் முடிந்தது கதை. எவனாக இருந்தாலும் செய்வான். அதற்காக டேப் போட்டு ஒட்டினேன், நிற்கவில்லை, சுவர் காரை உதிர்கிறது. தினமும் ஒரு கண் திரையில், ஒரு கண் அவன் கையில். அப்படி ஒருத்தன் நிம்மதியாகத் தொழில் செய்ய முடியுமா சொல்லுங்கள். நான் பட்ட நஷ்டத்தில் பாதி அந்தப் பயத்தில் பட்டது. குப்பூஸ் மட்டும் அவன் நிறுத்தவில்லை. முன்பு மாதிரியே மூன்று பேருக்கும் வரும். எனக்கு உள்ளதை என் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். அது எதற்கு? என்னைச் சின்னவனாக்கத்தான்.

கடைசியில் ஃபேக்டரி கேம்ப்பிலேயே இடம் கேட்டு வாங்கிவிட்டான். தூரம். எட்டுப் பேர் ஓர் அறையில். நெட் எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் போகச் சொல்லவில்லை, பாய்க்கும் தெரியும். போகிற அன்றைக்கும் பாருங்கள், சந்தை திறந்த நேரம். வண்டி கீழே நிற்கிறது என்றான். நான் உள்ளே போயிருந்தேன், பெரிய தொகை. ஏறுகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான், சுவரில் இடித்தது, திரையில் வட்டம்.

“புடுங்கிட்டியா? கடைசியில புத்திய காட்டிட்டியா?” என்று கத்தினேன். வாய் தவறி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராக இருந்தாலும் கத்துவார்கள்.

கூட ஒரே அறையில் இத்தனை நாள் இருந்தவன், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதில்லையா? பெட்டியைக் கீழே வைத்தான். முட்டி போட்டு உட்கார்ந்தான். விழுந்திருந்த அட்டையை எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்து, அடியில் கொடுத்து, பிளக்கை உள்ளங்கையால் அமுக்கினான். அமுக்கியபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், இவன் எழுந்திருக்கவில்லை. ரவுட்டர் விளக்கில் சிவப்பு போய், ஆரஞ்சு வந்து, பச்சை வந்தது. அது விட்டு விட்டு எரிந்தது. நிலையாக நிற்கும்வரை கையை எடுக்காமல் இருந்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.